கேட்டில் மாட்டிய வெள்ளை வளையம்

உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட வாய்விட்டுச் ‘செல்லம்’ என்று நான் கூப்பிடாத என் செல்லம் விஜிக்கு,

உன் வருஷ நினைவுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அப்போது பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே கண்ணீருடன் கணவர், மகள் என்று நாலு வரி போடலாம் என்று உன் ராணி அக்கா சொல்கிறார். எனக்கு நாலு மாதம் பொறுக்காது. நாலு வரியும் போதாது. அதனால் இப்போதே எழுதுகிறேன். ஊரே படித்தாலும் படிக்கட்டும், இனி எனக்கென்ன வெட்கம்? போன வாரம் இந்தத் தாமானில் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் பார்க்க நடுரோட்டில் உட்கார்ந்து அழுதவன்தானே நான்.

தர்ஷியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நீ போன நாளிலிருந்து உன் மகள் என்னோடு பேசவில்லை. சண்டை இல்லை, முறைப்பு இல்லை. சோறு வைத்தால் தின்பாள். கேட்டால் தலையாட்டுவாள். சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இத்தனை வைராக்கியமா என்று நீ கேட்பாய். உன் வயிற்றில் பிறந்ததுதானே!

காரணம் எனக்குத் தெரியும். அன்று மூன்று மணிக்கு அவள் எனக்குப் போன் செய்தாள். அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கிறதாம், சட்டை நனைய வேர்க்கிறதாம். நான் எண்ணெய் ஆலை வாசலில், செம்பனைக் குலை ஏற்றிய லோரியோடு வரிசையில் நின்றிருந்தேன். “காத்துப் புடிப்பா இருக்கும்மா. தைலம் தேச்சிப் படுக்கச் சொல்லு. எறக்கிட்டு வந்துர்றேன்” என்றேன். இறக்கிவிட்டுத்தான் வந்தேன், விஜி. நீ படுத்திருந்தாய். தைல வாசம் வீடு முழுக்க அடித்தது. உன் கை ஜில்லென்று இருந்தது.

உன்னைக் குளிப்பாட்டி வைத்திருந்தபோது அவள் என் காதோரம் வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். “மூணு மணிக்கே போன் பண்ணேன்லப்பா?” அவ்வளவுதான். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? உனக்குத் தெரிந்தால் சொல்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ராணி அக்கா முடிவாகச் சொல்லிவிட்டார். “பொட்டப் புள்ளய வீட்டுல தனியா விட்டுட்டு நீ சபாக்குக்கும் தஞ்சோங் காராங்குக்கும் லோரி ஓட்டிக்கிட்டு இருப்பியா தம்பி? வருசக் கடைசி பரீட்ச முடியட்டும். நான் ரவாங்குக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். அங்க என் புள்ளைங்களோட ஒண்ணா வளரட்டும்.” உன் மகளைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். நீ போய்விட்டாய், சரி, உன் விதி. இவளும் போனால் நான் எதற்கு லோரி ஓட்ட வேண்டும்? யாருக்காக விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும்?

வருஷக் கடைசி வந்தது. அது எந்த மாதம்? உன் மாதமல்லவா!

பத்து வருஷம் மின்மினி பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதியில் கூட்டித் துடைத்தாய். டிசம்பரில் விடுதி முதலாளி தவுக்கே அம்மா கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்குப் பிளாஸ்டிக் பனியும் பிளாஸ்டிக் இலையுமாக வாங்கி வந்தபோது, “இத நான் சும்மா கெடக்குற பொருள்லயே செஞ்சித் தர்றேன்” என்று வாயைக் கொடுத்துவிட்டு வந்தாய். அதிலிருந்து பிடித்தது உனக்கு அந்தப் பைத்தியம். காய்ந்த கிளையைப் பொறுக்கி வந்து சுண்ணாம்பு அடிப்பாய். ரெமிஸ் கடற்கரைக்குப் போய்ச் சவுக்குக் காய்களைப் பை நிறையப் பொறுக்குவாய். தென்னை ஈர்க்கை ஒடித்து நட்சத்திரம் கட்டுவாய். அரிசிக் கஞ்சியில் இலவம் பஞ்சைத் தொட்டுக் கிளையில் ஒட்டி, இதுதான் பனி என்பாய். விடுதிக்குச் செய்ததுபோல நம் வீட்டுக் கூடத்திலும் ஒன்று செய்வாய். நீயும் தர்ஷியும் தரையில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே செய்வீர்கள். நான் உள்ளே வரும்போது காலில் சவுக்குக் காய் குத்தும். “எந்த ஊரு பனிடி இது? வெளிய மண்டைய பொளக்குது வெயிலு. குப்பைய வாரிட்டு வந்து வீட்டுக்குள்ள போட்டு வச்சிருக்கா பாரு” என்று கத்துவேன். நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். “ஒங்கப்பாவுக்குக் குளுருது, கத்துறாரு” என்று அவளிடம் சொல்லிச் சிரிப்பாய்.

இந்த வருஷம் அந்தக் குளிரை நான் செய்து காட்டினால் பிள்ளை தங்கிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. எப்படித் தோன்றியதோ, யார் மூளையில் ஏற்றினார்களோ. ஆனால் அது தோன்றியதும் எனக்கு உயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தனியாக ரெமிஸுக்குப் போனேன். பேரன் பேத்தியோடு குளிக்க வந்த ஒரு மலாய்க்காரர், குனிந்து குனிந்து காய் பொறுக்கும் தடியனைப் பார்த்து, “சாவி தொலஞ்சி போச்சா?” என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவரும் கொஞ்ச நேரம் என்னோடு தேடினார்.

நீ எப்படிச் செய்வாய் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவில் ஒன்றுமே இல்லை, விஜி. காலில் குத்திய காய் ஞாபகம் இருக்கிறது. கையில் நீ வைத்திருந்தது என்ன உருவம் என்று ஞாபகமில்லை. அதனால் போனில் தேடினேன். கம்பளித் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி, காட்டுக் கொடியை வளைத்து வளையம் கட்டி, காயும் பஞ்சும் ஒட்டி வாசற்கதவில் மாட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தஞ்சோங் காராங் வாய்க்கால் ஓரத்தில் லோரியை நிறுத்திக் கொடி அறுத்தேன். வளைத்தேன். சுண்ணாம்பு அடித்தேன். இலவம் பஞ்சு எங்கும் கிடைக்கவில்லை. மருந்துக்கடையில் ஓர் உருளைப் பஞ்சு வாங்கி ஒட்டினேன். நாற்பத்தேழு வயது ஆகிறது, வெள்ளை வளையம் என்றால் நம் வாசலில் அதற்கு என்ன அர்த்தம், அந்தப் பஞ்சை எங்கே வைப்பார்கள் என்று ஒரு கணம் யோசித்தேனா? இல்லையே! நாலு நாள் லோரிக்குள்ளேயே ஒளித்து வைத்துக் கட்டினேன். விரலெல்லாம் சுண்ணாம்பு தின்று வெடித்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை காலை, அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அதைக் கொண்டுபோய் நம் கேட்டின் நடுவில் மாட்டினேன். அவள் எழுந்து சன்னலைத் திறந்ததும் கண்ணில் படட்டும் என்று இரண்டு அடி பின்னால் நின்று பார்த்தேன். பிறகு லோரி ஏறிப் போய்விட்டேன்.

மீதியை நீ ஊகித்திருப்பாய். நீ கெட்டிக்காரி.

பத்து மணி இருக்கும். ஆலை வரிசையில் நிற்கிறேன். எதிர்வீட்டுப் பாக்கியம் அக்கா போன் செய்தார். “தம்பி, எங்க இருக்க? ஒண்ணுமில்ல. நீ பதறாத. லோரிய அங்கயே வச்சிட்டு யாரையாச்சும் கூட்டிட்டு வா. நீ ஓட்டாத.”

நம் ஆட்கள் ‘ஒண்ணுமில்ல’ என்று எப்போது சொல்வார்கள்? சாவைப் போனில் சொல்லக் கூடாது என்றுதானே சொல்வார்கள்! “தர்ஷிக்கு என்னாச்சிக்கா?” என்று கத்தினேன். அவர் அழுதார். பின்னால் பொம்பளைகள் அழுகிற சத்தம் கேட்டது. தர்ஷிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. குலை இறக்காமல் வரிசையை விட்டு லோரியைத் திருப்பினேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள், ஆலைக்காரன் கத்தினான். அன்று திருப்பாத லோரியை இன்று திருப்பி என்ன பயன் என்று வழி முழுக்க என் நெஞ்சிலேயே அடித்துக்கொண்டு வந்தேன். உன்னைத் திட்டினேன், விஜி. உன் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொண்டாயா, ஒன்றையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். மன்னித்துக்கொள்.

நம் தெருவில் திரும்பினேன். வாசலில் கூட்டம். கேட்டில் வெள்ளை வளையம்.

அதை நானே கட்டினேன், காலையில் நானே மாட்டினேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவேயில்லை. அதற்குள் யாரோ என் மகளுக்கு மலர்வளையம் கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். லோரியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். “தர்ஷீ... தர்ஷீ...” என்று கத்தினேன். உனக்குக்கூட நான் அப்படி அழவில்லை. நான் அழுவதைப் பார்த்ததும் கூட்டம் உறுதி செய்துகொண்டது. பெண்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள்.

அப்போது கதவு திறந்தது.

உன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைவிரி கோலமாக, உன் மகள் நின்றாள். வெறும் காலோடு ஓடி வந்து, கேட்டைத் தள்ளி, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். “ப்பா! ப்பா!” எட்டு மாதம் கழித்து அந்த வார்த்தை. என் முகத்தைத் தடவினாள், தோளைத் தட்டிப் பார்த்தாள், பிறகு இரண்டு கையாலும் என் மார்பில் அடித்தாள்.

“கூட்டமா நின்னு அழுவுறாங்க. கேட்டுல வளையம் இருக்கு. லோரிய காணோம். நீங்கதான் செத்துட்டீங்கன்னு நெனச்சேன்ப்பா!”

“போன ஏம்மா எடுக்கல?”

“எடுத்தா சொல்லிருவாங்கல்ல? கதவத் தொறந்தாலும் சொல்லிருவாங்க. அதான் தொறக்காம கதவுக்குப் பின்னாலயே ஒக்காந்திருந்தேன்.”

கேட்டாயா, விஜி? கதவுக்கு இந்தப் பக்கம் நான் அவள் செத்துவிட்டாள் என்று அழுகிறேன். அந்தப் பக்கம் அவள் நான் செத்துவிட்டேன் என்று அழுகிறாள். நடுவில் என் கைவேலை தொங்குகிறது.

விஷயம் விளங்கியதும் கூட்டத்துக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பாக்கியம் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். “ஒனக்கு அறிவிருக்காய்யா? வெள்ள வளையத்த கேட்டுல மாட்டிட்டு நீ பாட்டுக்கு லோரி ஏறிப் போயிட்ட! புள்ள நாலு நாளா வெளிய வரல, கூப்ட்டாலும் கதவத் தொறக்கல. நாங்க என்னான்னு நெனைப்போம்? துக்க வருசம்னு தீவாளிக்கே வெளக்கு வைக்காம இருந்த வீட்டுல ஒனக்கு அலங்காரம் கேக்குதா லா?” அவர் ராணி அக்காவுக்கும் போன் செய்திருந்தார். ரவாங்கிலிருந்து தலையிலடித்துக்கொண்டு வந்து இறங்கிய உன் அக்கா, தர்ஷியைக் கட்டிப் பிடித்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, கைப்பையாலேயே என்னை நாலு சாத்து சாத்தினார். வாங்கிக்கொண்டேன். எனக்கு அது போதவில்லை. “புதன்கெழம வர்றேன். துணிமணிய எடுத்து வையி தர்ஷி. இந்தக் கிறுக்கன்கிட்ட இனி விட்டு வைக்க முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் கலைந்த பிறகு தர்ஷி வளையத்தைக் கழற்றி எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். கொடியைப் பிரித்தாள். பஞ்சை உரித்துக் குப்பையில் போட்டாள். “அம்மா வட்டமா செய்யவே மாட்டாங்கப்பா” என்றாள். “தவுக்கே அம்மா கேட்டப்பகூட முடியாதுன்னுட்டாங்க. ‘எங்க ஆளுங்க கண்ணுக்கு அது சாவு வீடு. கெளையாத்தான் தொங்க விடுவேன்’னு சொன்னாங்க. வருசா வருசம் இந்தச் செவுத்துலதான் இருந்துச்சி. நீங்க பாத்ததே இல்லியா?”

“இல்லம்மா” என்றேன். பத்து டிசம்பர் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். தலைக்கு மேலே தொங்கியது வட்டமா நீளமா என்று தெரியாது எனக்கு. உன் நெஞ்சு வலி எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அன்று மீதிப் பொழுதும், அடுத்த மூன்று நாளும் நான் வேலைக்குப் போகவில்லை. அவள் சொன்னாள், நான் செய்தேன். முன்வாசல் ரம்புத்தான் மரத்தில் பட்டுப்போன கிளையை வெட்டிக் கொடுத்தேன். “சுண்ணாம்ப அவ்ளோ கெட்டியா அடிக்காதீங்க, கட்ட தெரியணும்” என்றாள். தேங்காய் நார்க் கயிற்றில் கிளையைக் கிடையாகக் கட்டித் தொங்கவிட்டோம். காயை நூலில் கோக்க எனக்கு வரவில்லை. பிடுங்கிக் கோத்துக் காட்டினாள். ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். ஒவ்வொன்றையும் நான் பிச்சைக்காரன்போல வாங்கி வைத்துக்கொண்டேன். இவ்வளவு பேசுகிறாளே, இனிப் போக மாட்டாள் என்று மனசு கணக்குப் போட்டது. மனசுக்கு என்ன வேலை?

செவ்வாய்க்கிழமை கேட்டுவிட்டேன். மானம் மரியாதை பார்க்கவில்லை. “போகாதம்மா. நீ இல்லன்னா அப்பா செத்துருவேன்” என்றேன்.

அவள் கையிலிருந்த ஈர்க்கைக் கீழே வைத்தாள். “இருக்க முடியலப்பா. இந்த வீட்டுல தெனமும் மூணு மணி ஆவுது. அங்க போனா ஆவாதான்னு பாக்கணும்” என்றாள். கோபத்தோடு சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கெஞ்சுகிற மாதிரி சொன்னாள், விஜி. பிள்ளை என்னிடம் கெஞ்சினாள்.

பிறகு எழுந்து தன் அறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்து வந்து அவிழ்த்தாள். உன் தலையணை. நீ போன அன்று உன் பாய், போர்வை, தலையணை எல்லாவற்றையும் வழக்கப்படி வாரிக்கொண்டுபோய் எரித்தார்களே, அதில் எரிந்தது அவளுடைய தலையணை. உன்னுடையதை மாற்றி எடுத்து எட்டு மாதமாக ஒளித்து வைத்திருக்கிறாள். உன் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது.

“பெரியம்மா வீட்டுக்குக் கொண்டு போனா செத்தவங்க தலகாணின்னு தூக்கிப் போட்டுருவாங்க. இங்க இருக்கட்டும்” என்றாள். கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தை வெட்டினாள். உள்ளே இலவம் பஞ்சு. நான் ஊரெல்லாம் தேடியது என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறது. ஒரு பிடி எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு பிடி கொடுத்தாள். அப்புறம் கஞ்சிப் பசையைத் தொட்டுக் கிளைகளில் வைத்தாள். பாதிதான் ஒட்டினாள். மீதியை ஒட்டாமல் கிளைக்கவடுகளில் சும்மா தூவி வைத்தாள். “எல்லாத்தையும் பசைல ஒட்டுனா பனி மாதிரி இருக்காது. அம்மா பாதியச் சும்மாதான் வைப்பாங்க. ஃபேன் மட்டும் போடாதீங்க, பறந்துரும்.”

புதன்கிழமை ராணி அக்கா வந்தார். சுவரைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது எந்தப் பஞ்சு என்று நாங்கள் சொல்லவில்லை. நான் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன். நானே வைத்தேன், விஜி, என் கையால். தர்ஷி காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள். “லீவுக்கு வர்றேன்ப்பா. அதுவரைக்கும் அது அப்படியே இருக்கணும்” என்றாள். கார் திருப்பத்தில் மறையும்வரை நின்றேன். உள்ளே வந்தேன். அதன் பிறகு என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

லீவுக்கு வருவாளா? புதுப் பள்ளிக்கூடம், புது சிநேகிதிகள், ரயில் ஏறினால் கோலாலம்பூர். இந்த வீட்டை நினைப்பாளா? அங்கேயும் மூன்று மணி ஆகிறதா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீ அவள் கனவில் போனால் கேட்டுவந்து என் கனவில் சொல்.

இப்போது மதியம். கோலசிலாங்கூர் வெயில் உனக்குத் தெரியும், கூரை அடுப்பில் வைத்த தகரம்போலக் கொதிக்கிறது. இந்தத் தாளில் நாலு இடத்தில் வேர்வை சொட்டி எழுத்து கலைந்திருக்கிறது. அழிந்த இடத்தை வேறு மாதிரி நினைத்துக்கொள்ளாதே, வேர்வைதான். சற்றுமுன் பாக்கியம் அக்கா வாழைக்காய்க் கறி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “என்னய்யா இது, அவிஞ்சி சாவப் போறியா? ஃபேனப் போடு!” என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினார். பாய்ந்து போய்க் கையைப் பிடித்துவிட்டேன். பயந்துபோனார் பாவம். கிறுக்கு முற்றிவிட்டது என்று இந்நேரம் தாமான் முழுக்கச் சொல்லியிருப்பார்.

சொல்லட்டும். சன்னல்களைச் சாத்தியிருக்கிறேன். கதவைத் திறந்தால் மெல்லத் திறக்கிறேன். சுவரோரம் நடக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன். உன் தலை வைத்துப் படுத்த பஞ்சில் ஒரு இழைகூட இதுவரை கீழே விழவில்லை. நம் மகள் வந்து இந்தக் கதவைத் திறக்கும்வரை இந்த வீட்டுக்குள் காற்று வீசாது, விஜி. சத்தியம்.

உன் தர்ஷி மறுபடியும் ‘அப்பா’ என்று கூப்பிட்ட,
உன் வீட்டுக்காரன் சேகர்